செய்தியின் எழுவாய்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



ஓர் இலக்கிய அமைப்புப் பத்தாண்டுக் காலம் தளராமல் நடைபெறுவது எளிய செயல் அன்று. இவ்வட்டத்தைக் கட்டிக் காத்துவரும் அனைவரையும் முதற்கண் பாராட்டுகிறேன். "மொழியும் மக்களும்" என்னும் பொதுத்தலைப்பின்கீழ் விரும்பிய பொருள்பற்றிப் பேசலாம் என்று செயலாளர் எனக்கு உரிமை வழங்கினார். அவ்வுரிமையைக் கொண்டு, காவிரி நீர்ப் பங்கீட்டையொட்டி எழுந்த போராட்டங்களைச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் எவ்வாறு மொழிந்து வந்துள்ளன என்பதைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

இலக்கிய அரங்கில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நான் பொறியாளரும் அல்லேன். சட்டம் பயின்றவளும் அல்லேன். தமிழிலக்கணம் கற்பிப்பவள். ஆனால் செய்தி என்பதும் தொடர்களால் ஆனதே. தொடர் என்றால் அதற்கு எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, பயனிலை உண்டு. ஒரு செய்தியில் பொய் கலவாதிருக்கலாம். ஆயினும் அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அச்சாய்வு பெரும்பாலும் இலக்கணத்திற்குள் ஒளிந்திருக்கிறது என்பது என் துணிபு. அதனை வெளிக்கொணர்வதே இவ்வுரையின் நோக்கம்.

வழக்கின் சுருக்கம்

முதலில் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். சென்னை மாகாணத்திற்கும் மைசூர் அரசிற்கும் இடையே 1892ஆம் ஆண்டிலும் 1924ஆம் ஆண்டிலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2ஆம் நாள் அமைக்கப்பட்டது. 1991 ஜூன் 25ஆம் நாள் அம்மன்றம், ஆண்டுதோறும் மேட்டூருக்கு 205 டி.எம்.சி. நீர் வந்துசேர வேண்டும் என இடைக்கால ஆணை வழங்கியது. அவ்வாணை அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் பெங்களூரிலும் சுற்றுப்புறங்களிலும் தமிழர்கள் தாக்கப்பட்டனர், உயிர்கள் பலியாயின, பல்லாயிரவர் உடுத்த துணியோடு தமிழகம் வந்து சேர்ந்தனர்.

2007 பிப்ரவரி 5ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வந்தது. மொத்தம் 740 டி.எம்.சி. நீரில் தமிழகத்திற்கு 419, கர்நாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று அது வகுத்தது. எஞ்சியது சுற்றுச்சூழலுக்கும் கடலில் சேர்வதற்கும் ஒதுக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரி 16ஆம் நாள் தமிழகத்தின் பங்கை 404.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது, எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வந்துசேர வேண்டிய அளவு 192இலிருந்து 177.25 டி.எம்.சி. ஆயிற்று. அதே ஆண்டு ஜூன் 1ஆம் நாள் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. இவ்வரலாற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் தெருவில் போராட்டம் உண்டு. அப்போராட்டத்தைப் பற்றிய செய்தியும் உண்டு.

எழுவாய்: யார் செய்தார்?

"கர்நாடகம் மறுத்தது", "தமிழகம் கொதித்தது" என்பன போன்ற தொடர்களை நாம் அன்றாடம் படிக்கிறோம். இவை இடவாகுபெயர்கள். ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ளார் சிரித்தனர் என்று பொருள்கொள்கிறோம். இலக்கணம் இதனை ஏற்கிறது. ஆனால் செய்தியில் இது செய்யும் வேலை யாது? மறுத்தது ஓர் அமைச்சரவை. அல்லது அதன் சார்பில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட ஒரு மனு. ஆகுபெயர் அம்மறுப்பை ஆறு கோடி மக்கள்மேல் ஏற்றிவிடுகிறது. பெங்களூரில் பூக்கட்டும் பெண்ணும், மண்டியாவில் கரும்பு வெட்டும் கூலியாளும் மறுத்தவர் ஆகிவிடுகின்றனர். அவ்வாறே அங்குள்ள செய்திகளில், திருவாரூரில் நாற்று நடும் பெண் "தமிழ்நாடு கேட்கிறது" என்னும் எழுவாய்க்குள் அடங்கிவிடுகிறாள்.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. 2016 செப்டம்பர் 12ஆம் நாள் பெங்களூரில் தமிழகத்தைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனத்தின் பேருந்துகள் நாற்பதுக்கும் மேற்பட்டவை ஒரே பணிமனையில் எரிந்தன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் மாண்டார். அதே நாளில் இங்கே, தமிழ் மண்ணில், கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டிகளின் ஓட்டுநர்கள் தாக்கப்பட்டனர். சென்னையில் ஓர் உணவு விடுதி தாக்கப்பட்டது. வண்டியின் பதிவெண் ஒன்றே அம்மனிதர்கள் செய்த குற்றம். மாநிலத்தின் பெயரை எழுவாயாக்கிப் பல நாள் எழுதினால், அப்பெயரைத் தாங்கிய எவரும் செய்தவர் ஆகிவிடுவர். ஆகுபெயர் தெருவில் இறங்கிக் கல்லெடுத்த நாள் அது.

இன்னொன்றையும் நோக்குக. நம் பக்கத்தார் தவறு செய்தால் செய்தி செயப்பாட்டு வினைக்கு மாறிவிடுகிறது: "வாகனங்கள் சேதப்படுத்தப்பட்டன." சேதப்படுத்தியவர் யார்? எழுவாய் மறைந்துபோகிறது. எதிர்ப்பக்கத்தார் செய்தால் எழுவாய் முன்னே வந்து நிற்கிறது, அடைமொழியும் உடன் வருகிறது: "வெறியர்கள் சூறையாடினர்." நம்மவர் போராட்டக்காரர், அவர்கள் கலகக்காரர். கன்னடத்தில் போராட்டத்திற்கு ஹோராட்டம் என்று பெயர். தமிழின் பகரம் அங்கே ஹகரமாகும் என்பதை மொழிநூல் கற்றோர் அறிவர். பால் அங்கே ஹாலு ஆவது போல. சொல் ஒன்றே, வேர் ஒன்றே. எல்லையின் இருபுறமும் ஒவ்வொருவரும் அச்சொல்லைத் தமக்கு வைத்துக்கொண்டு, அடுத்தவர்க்கு வேறொரு சொல்லைத் தருகின்றனர்.

பயனிலை: தருவதா, பங்கிடுவதா?

அடுத்து வினைச்சொல்லைக் காண்போம். "தண்ணீர் தர மறுப்பு", "தண்ணீர் கேட்டுப் போராட்டம்" என்பன தமிழ் ஏடுகளில் நிலைபெற்றுவிட்ட தொடர்கள். தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களுக்கும் வேறுபாடு காட்டுகிறார் என்பதை இவ்வவையினர் அறிவீர்கள். இழிந்தோன் இரக்கும்போது ஈ என்பான். ஒத்தவன் தா என்பான். உயர்ந்தவன் கொடு என்பான். கேட்பவன் நிலைக்கேற்பச் சொல் மாறும். ஆனால் இம்மூன்று சொற்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றிலும் பொருள் எதிரே நிற்பவனுக்கு உடைமை. கேட்பவனுக்கு உடைமை அன்று.

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம், மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு நாட்டின் பொதுச்சொத்து. எந்த மாநிலமும் அதனைத் தன் தனியுடைமை என்று கொள்ள இயலாது என்று தெளிவாக உரைத்தது. அங்ஙனமாயின் தருதல் என்பதே பொருந்தாத வினை. நம் உரிமைக்காகக் குரல்கொடுப்பதாக எண்ணும் நம் ஏடுகளே, தர மறுப்பு என்று எழுதும்போது, நீர் அவர்களுடையது என்பதை அறியாமலேயே ஒப்புக்கொள்கின்றன. கர்நாடகத்திலோ நீரை விடுதல் என்னும் பேச்சு வழங்குகிறது. கன்னடத்தில் அது பிடு, தமிழில் விடு. விடுபவன் கையில் நீர் இருக்கிறது என்பதே அதன் உட்பொருள். விட்டால் இழப்பு, விட்டவன் துரோகி. இவ்விரண்டு வினைகளும் சேர்ந்து ஒரு வழக்கை யாசகன், வள்ளல் கதையாக மாற்றிவிட்டன. பங்கிடுதல் என்னும் நேரிய வினை நீதிமன்ற ஆவணங்களிலும் ஆய்வேடுகளிலும் ஒடுங்கிக் கிடக்கிறது. அது தலைப்புச் செய்திக்கு வந்துவிட்டால் கோபத்தின் சூடு பாதி தணிந்துவிடும்.

செயப்படுபொருள்: எவ்வளவு நீர்?

செய்தியில் வரும் எண்ணுக்கும் சார்பு உண்டு. ஓர் ஆணையை விநாடிக்கு இத்தனை கன அடி என்றும் கூறலாம். மொத்தம் இத்தனை டி.எம்.சி. என்றும் கூறலாம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 2023 செப்டம்பரில் விநாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் நீர் திறக்க ஆணையானது. ஐயாயிரம் என்றால் பெருவெள்ளம் போல் தோன்றுகிறது. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் ஏறக்குறைய 6.5 டி.எம்.சி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதில் பதினான்கில் ஒரு பங்குதான் இது. ஆறரை என்றால் கையளவு போல் தோன்றுகிறது. கர்நாடகத்தில் கோபத்தை எழுப்ப ஐயாயிரம் பயன்படும். தமிழகத்தில் ஏமாற்றத்தை எழுப்ப ஆறரை பயன்படும். இரண்டும் மெய்யான எண்களே.

2016 செப்டம்பரிலும் இத்தகைய நிலையைக் காண்கிறோம். 5ஆம் நாள் உச்சநீதிமன்றம் விநாடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாள் திறக்கச் சொன்னது. 12ஆம் நாள் அதனை 12,000 ஆக்கி, 20ஆம் நாள் வரை நீட்டித்தது. நாளளவு குறைந்தது, நாட்கள் பெருகியதால் மொத்த அளவு கூடியது. குறைப்பு என்றும் எழுதலாம், கூட்டல் என்றும் எழுதலாம். இரண்டையும் ஒருசேர எழுதி விளக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை நேரலைத் தொலைக்காட்சிக்கு இல்லை. எரியும் பேருந்துகளைத் திரும்பத் திரும்பக் காட்ட நேரம் இருந்தது. பெருக்கல் கணக்கிற்கு நேரம் இல்லை. நடுவணரசின் செய்தி ஒலிபரப்புத் துறையே தொலைக்காட்சிகளுக்கு நிதானம் காக்குமாறு அறிவுரை விடுக்க நேர்ந்தது.

சொல்லப்படாதது

சொல்லப்பட்டதில் உள்ள சார்பைவிடச் சொல்லாமல் விட்டதில் உள்ள சார்பு வலியது. சிலவற்றை மட்டும் சுட்டுகிறேன்.

நடுவர் மன்றம் வகுத்த பங்கு மழை இயல்பாகப் பெய்யும் ஆண்டுக்கு உரியது. பற்றாக்குறை ஆண்டில் அனைவர் பங்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்பதும் தீர்ப்பின் பகுதியே. போராட்டங்கள் வெடிப்பதோ பற்றாக்குறை ஆண்டுகளில்தான். ஆயினும் தமிழ்ச் செய்திகளில் இயல்பாண்டின் முழு அளவே பெரிதும் பேசப்படுகிறது; கர்நாடகச் செய்திகளில் அணை வறண்ட காட்சியே பெரிதும் காட்டப்படுகிறது. துன்பத்தையும் பங்கிட வேண்டும் என்னும் பகுதியை இருவரும் கைவிட்டனர்.

கன்னட உழவர்களின் மனக்குறையை நம் ஏடுகள் எத்தனை முறை விளக்கியுள்ளன? 1892, 1924 ஒப்பந்தங்கள் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த மாகாணத்திற்கும், அவர்களுக்கு அடங்கிய ஒரு சமத்தானத்திற்கும் இடையே ஏற்பட்டவை. சமநிலையில் நின்று செய்யப்பட்டவை அல்ல என்பது அவர்தம் வாதம். உச்சநீதிமன்றம் அவ்வொப்பந்தங்கள் செல்லத்தக்கவையே என்று கூறி அவ்வாதத்தை ஏற்கவில்லை. அதே தீர்ப்பில், 1924ஆம் ஆண்டு ஒப்பந்தம் 50 ஆண்டுகளுடன் 1974இல் முடிவுற்றது என்றும் கூறியது. முதற்செய்தி நமக்கு இனிக்கும். இரண்டாஞ்செய்தி அவர்களுக்கு இனிக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் அறிந்த வாசகர் இருபுறமும் சிலரே.

இனி அரசியலுக்கு வருவோம். இரு மாநிலங்களிலும் கட்சிகளோ, கட்சித் தலைவர்தம் குடும்பத்தாரோ தொலைக்காட்சி நடத்துவது யாவரும் அறிந்ததே. ஆதலால் போராட்டச் செய்தியில் உழவர் பின்னுக்குப் போகின்றார்; தலைவர் முன்னுக்கு வருகின்றார். 1993 ஜூலையில் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா மெரினாவில் உண்ணாநோன்பு இருந்தார். 2002 அக்டோபரில் கர்நாடக முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா நடைப்பயணம் மேற்கொண்டார். அதே திங்களில் தமிழ்த் திரையுலகினர் நெய்வேலியில் திரண்டனர். செய்தியில் நிலைத்தவை மேடையும் முகங்களும். கடைமடைக்கு நீர் வந்ததா என்னும் வினா மேடை கலைந்ததும் கலைந்துபோயிற்று.

தில்லியின் பார்வை வேறு வகை. 2018இல் ஆறு வாரத்திற்குள் செயல்திட்டம் வகுக்குமாறு உச்சநீதிமன்றம் நடுவணரசுக்கு ஆணையிட்டது. மார்ச் 29ஆம் நாள் கெடு முடிந்தது, திட்டம் வரவில்லை. கர்நாடகத்தில் தேர்தல் நெருங்குவதைக் காட்டி நடுவணரசு மேலும் கால நீட்டிப்புக் கோரியது. வாக்குப்பதிவு நிகழ்ந்தது மே 12ஆம் நாள். வரைவுத் திட்டம் நீதிமன்றத்தில் அளிக்கப்பட்டது மே 14ஆம் நாள். இவ்விரு நாள்களையும் அடுத்தடுத்து எழுதினாலே போதும், உரை வேண்டா. ஆனால் அந்த ஏப்ரலில் வடபுலத் தொலைக்காட்சிகள் பலவற்றில் காவிரிப் போராட்டம் கிரிக்கெட் செய்தியாகிவிட்டது. சென்னையில் நடக்கவிருந்த ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டது தலைப்பாயிற்று. கெடு தவறியது அடிக்குறிப்பாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டு, 2017 மார்ச் 14 முதல் 41 நாள், தமிழக உழவர்கள் தில்லி சந்தர் மந்தரில் மண்டையோடுகளுடன் அமர்ந்திருந்தனர். கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் ஆகியன அவர்தம் கோரிக்கைகள். நாடு மண்டையோடுகளைக் கண்டது. எலியை வாயில் கவ்வியதைக் கண்டது. காவிரிக் கோரிக்கை அக்காட்சிகளுக்குள் புதைந்தது. வியப்பைத் தந்தால்தான் செய்தி என்னும் நிலை வந்தபின், ஏழை உழவர் தம் துன்பத்தையே வித்தையாக்கிக் காட்ட வேண்டியதாயிற்று.

செய்தியாகாமற் போனது இன்னும் ஒன்று. மேட்டூர் அணை குறுவைக்காக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படுவது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் தொடர்ந்து அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2016 கலவரத்தால் பெங்களூர்த் தொழில்துறைக்கு நேர்ந்த இழப்பைக் கோடிகளில் மதிப்பிட்டு ஏடுகள் எழுதின. எழுத வேண்டியதே. ஆனால் எட்டுக் குறுவைகளின் நிச்சயமின்மையால் நிலமற்ற கூலிப் பெண்கள் இழந்த நாட்கூலியை யார் கூட்டிப் பார்த்தார்?

இறுதியாக ஒரு நற்செய்தி. 2003ஆம் ஆண்டில் இரு மாநில உழவர்களும் ஒன்றுகூடிக் காவிரிக் குடும்பம் என்னும் அமைப்பை உருவாக்கினர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனப் பேராசிரியர் ஜனகராசன் அதற்கு முன்முயற்சி எடுத்தார். தஞ்சை உழவர் மண்டியா சென்று வயலைக் கண்டார்; மண்டியா உழவர் தஞ்சை வந்து கண்டார். கல்லெறிந்தவரை அறிந்த அளவு, ஒருவர் வயலை ஒருவர் கண்ட இவர்களை நாம் அறிவோமா?

துலாக்கோல்

இதுகாறும் கூறியதைக் கேட்டு, இரு பக்கமும் ஒரே அளவு எழுதுவதுதான் நடுவுநிலைமை என்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோல் இரு தட்டையும் எப்போதும் சமமாக நிறுத்துவது அன்று. எத்தட்டு எடை மிகுந்தது என்பதை மறைக்காமல் காட்டுவது. நடுவர் மன்ற ஆணைகள் பலமுறை நிறைவேற்றப்படாமல் கிடந்தன. இறுதித் தீர்ப்பு அரசிதழில் ஏறவே 2013 பிப்ரவரி வரை ஆறு ஆண்டுகள் ஆயின. கீழ்மடை மாநிலம் இதனால் பெற்ற துன்பம் மெய். இதனை இரு மாநிலச் சண்டை என்று மட்டும் எழுதி முடிப்பது நடுவுநிலைமை ஆகாது. அது எடையை மறைப்பது. அதுபோலவே, வழக்கில் நம் பக்கம் நியாயம் உண்டு என்பதனால், தெருவில் நம்மவர் செய்ததை மறைப்பதும் எடையை மறைப்பதே. வழக்கின் எடை வேறு. வன்முறையின் எடை வேறு. இரண்டையும் தனித்தனியே நிறுப்பதே செய்தியாளர் கடன்.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

கவிஞர் பெருமக்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. செய்தியாளரை மட்டும் குறைகூறிச் செல்ல நான் வரவில்லை. தற்குறிப்பேற்றம் உங்கள் அணி. மதுரை மதிலில் இயல்பாக அசைந்த கொடி, கோவலனை வரவேண்டா என்று தடுப்பது போன்றிருந்ததாக இளங்கோ பாடினார். காற்றில் ஆடும் கொடிமேல் கவிஞர் தம் துயரை ஏற்றினார். அது கவிதைக்கு அழகு. பருவமழை பொய்த்து அணை வற்றியதை ஓரினத்தின் வஞ்சம் என்று பாடினால் அதுவும் தற்குறிப்பேற்றமே. ஆனால் அதனைக் கேட்டுக் கைதட்டியவர் வெளியே சென்று அதை உண்மை என நம்புவார். காவிரிக்காக நடைபெறும் கவியரங்குகளில் அண்டை மக்களை வசைபாடும் அடிகளுக்கே மிகுந்த கைதட்டல் கிடைக்கிறது. அவ்வடிகளை மறுநாள் ஏடு எடுத்து வெளியிடும். நேற்றைய கவிதை இன்றைய செய்தி. இன்றைய செய்தி நாளைய கல்.

அங்கே குடகில் துலாத் திங்கள் பிறக்கும்போது தலைக்காவிரியில் ஊற்றுப் பொங்குவதைக் காண மக்கள் திரள்கின்றனர். இங்கே ஆடிப்பெருக்கில் நாம் படித்துறையில் நின்று கும்பிடுகிறோம். அவளை அம்மா என்றழைக்கும் மொழிகள் இரண்டு. அண்டை மாநிலத்தில் நம் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் பிழைத்து வருகின்றனர். அவர்கள் மகள், நம் மகன் என்று கலந்த குடும்பங்களும் உண்டு. நாம் இங்கே எழுதும் ஒவ்வொரு எழுவாயும் அங்கே அவர்கள் வாசற்கதவில் சென்று முட்டுகிறது. 1991 டிசம்பர் அதற்குச் சான்று.

ஆகவே இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். காவிரிபற்றி ஒரு செய்தியைப் படித்தாலும், ஒரு கவிதையை எழுதினாலும் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்வோம். எழுவாய் யார், அரசா மக்களா? வினை எது, தருதலா பங்கிடுதலா? எண் நாளளவா மொத்த அளவா? சொல்லாமல் விட்டது யாது? மேலும், இங்குக் கூடும் ஏதேனும் ஓர் அமர்வில் கன்னடக் கவிஞர் ஒருவரை அழைத்து, அவர் காவிரியைப் பாட நாம் கேட்போம். வழக்கை வழக்கறிஞர்கள் நடத்தட்டும். நம் உரிமையில் ஒரு துளியும் நாம் விட்டுக்கொடுக்க வேண்டா. ஆனால் உரிமை கேட்பதற்கு வெறுப்பு ஒரு மொழி அன்று. உரிமைக்குரிய சொற்கள் தமிழில் நிறைய உள்ளன. அவற்றைத் தேடி எடுத்துத் தருவது, சொல்லை நம்பி வாழும் நம் கடமை.